வாடகை வீட்டுக் கதவில் யார் பூட்டு?

வாடகை வீட்டின் பூட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் ஊரறிந்த கருத்து ஒன்று உண்டு: வீடு யாருடையதோ, பூட்டும் அவருடையது. வாடகை இரண்டு மாதம் நின்றால் ஹவுஸ் ஓனர் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போகலாம். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே பூட்டை மாற்றலாம். குடியிருப்பவரோ ஓனரைக் கேட்காமல் ஒரு தாழ்ப்பாளைக்கூட மாற்றக் கூடாது. ஓனர்கள் சொல்வதை புரோக்கரும் சொல்கிறார், குடியிருப்போர் சங்கத்திலும் சொல்கிறார்கள். பூட்டப்பட்ட கதவுக்கு முன்னால் பிள்ளைகளோடு நிற்கும் குடித்தனக்காரரே பல நேரம் அதை நம்பித் தலைகுனிந்து நிற்கிறார். சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. இன்று நேற்றல்ல, நூறு ஆண்டுகளாக.

சொத்துரிமையையும் சுவாதீனத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பிழை தொடங்குகிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது உரிமை. வீடு இப்போது யார் கைவசம் இருக்கிறது, யார் அதை ஆண்டு அனுபவிக்கிறார் என்பது சுவாதீனம். வீட்டை வாடகைக்கு விடுபவர் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சுவாதீனத்தை வாடகைக்கு ஈடாகக் கைமாற்றிக் கொடுக்கிறார். வாடகை செலுத்தி நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வரை வாடகைதாரர் அந்த இடத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108 ஆம் பிரிவில் சொல்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்று முடிவுசெய்யும் கருவிதான் பூட்டு. ஆகவே அது சுவாதீனத்தோடு போகிறது, பத்திரத்தோடு அல்ல.

குற்றவியல் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329 ஆம் பிரிவு, அத்துமீறி நுழைவதை வரையறுக்கும்போது ‘பிறருக்குச் சொந்தமான’ இடம் என்று சொல்வதில்லை. ‘பிறர் சுவாதீனத்தில் உள்ள’ இடம் என்றே சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 441 ஆம் பிரிவும் அப்படித்தான் இருந்தது. மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி, வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைகிற ஓனர், அது அவர் கட்டிய வீடாகவே இருந்தாலும், அத்துமீறி நுழைந்தவராகிறார்.

அடுத்த வாதம் மனத்தைத் தொடுவது: ‘வாடகையே தராதவருக்கு என்ன உரிமை?’ இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓய்வூதியம் இல்லாத முதியவர் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்குகிறார் என்றால், மூன்று மாத பாக்கி அவருக்குச் சின்ன விஷயமல்ல. 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், காலி செய்யச் சொல்லும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டன என்ற ஆதங்கமும் நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாத வாடகையும் பிற கட்டணங்களும் பாக்கி நிற்பதை, வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்றாக அதன் 21 ஆம் பிரிவு ஏற்கிறது. வீடு தனக்கே தேவைப்படுவது, எழுத்துப்பூர்வ சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டது, இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது போன்ற காரணங்களும் அங்கே உண்டு. இவற்றில் எதைச் சொன்னாலும் உத்தரவு போட வேண்டியது வாடகை நீதிமன்றம். காரணம் உண்மையாக இருப்பதே பூட்டு போடும் அதிகாரத்தைக் கொடுத்துவிடாது.

நீதிமன்றங்கள் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கின்றன. 1924 இல் மிட்னாப்பூர் ஜமீன்தாரி கம்பெனி வழக்கில் பிரிவி கவுன்சில், இந்தியாவில் யாரும் பலவந்தமாகச் சுவாதீனத்தை எடுத்துக்கொள்ள அனுமதியில்லை, உரிமை உள்ளவரும் நீதிமன்றம் வழியாகத்தான் பெற வேண்டும் என்று தீர்த்தது. லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் அதே நிலைப்பாட்டை எடுத்தது. கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் (1989) இன்னும் ஒரு படி மேலே போனது: நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவருக்கு அங்கே தொடர்ந்து இருக்க உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியாக அல்லாமல் உரிமையாளர் அவரை வெளியேற்ற முடியாது. பாக்கிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. தன் வழக்கில் தானே நீதிபதியாகவும் தானே அமீனாவாகவும் ஒருவர் இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

அமீனா என்ற பெயர் இங்கே சும்மா வரவில்லை. வாடகை வீட்டின் பூட்டை உடைக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21 ஆவது கட்டளை, 35 ஆவது விதி, சுவாதீனத்தை ஒப்படைக்கச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றும் முறையைச் சொல்கிறது. வாரண்டோடு வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா முதலில் போதிய எச்சரிக்கை கொடுக்க வேண்டும். பொது இடத்துக்கு வராத வழக்கமுள்ள பெண்கள் உள்ளே இருந்தால் அவர்கள் வெளியேற வசதி செய்து கொடுக்க வேண்டும். அதன் பிறகே பூட்டையோ தாழ்ப்பாளையோ அகற்றலாம், திறக்கலாம், கதவை உடைக்கலாம். நடைமுறையில் சாட்சிகள் நிற்பார்கள். உள்ளே இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறும். யாரிடம் எது ஒப்படைக்கப்பட்டது என்று கையெழுத்து வாங்குவார்கள். நடந்ததையெல்லாம் எழுதி நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். தீர்ப்பு கையில் இருக்கும்போதே இத்தனை கட்டுப்பாடு. தீர்ப்பே இல்லாமல் ஆசாரியைக் கூட்டிவந்து இரவோடு இரவாகப் பூட்டை மாற்றுவதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உள்ளே ஊறவைத்த அரிசி, மறுநாள் தேர்வுக்கான ஹால் டிக்கெட், குளிர்பெட்டியில் வைத்த இன்சுலின் எல்லாம் அப்படியே மாட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு நகை காணோம் என்று பேச்சு வந்தால், பட்டியலும் சாட்சியும் இல்லாத ஓனர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

‘ஒப்பந்தம் பதினோரு மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் அவர் யாரோ, நான் யாரோ’ என்பது இன்னொரு வாதம். பதினோரு மாதக் கணக்கு பிறந்த காரணம் வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தப் பதிவையும் செலவையும் தவிர்க்க ஒரு மாதம் குறைத்து எழுதினார்கள். அதற்கும் வெளியேற்றும் உரிமைக்கும் தொடர்பில்லை. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதால், அந்தக் கணக்கின் பழைய பயனும் பெரும்பாலும் போய்விட்டது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் மாத வாடகையின் இரு மடங்கை இழப்பீடாகக் கேட்க ஓனருக்கு அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒழுங்காக நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போட்டவருக்கு அது கிடைக்கும். பூட்டு போட்டவரோ, வாடகைதாரரை வெளியே நிறுத்திய நாள்களுக்கு வாடகை கேட்கும் தன் வாதத்தையே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

சில ஒப்பந்தங்களில் ஒரு வரி தட்டச்சாகிக் கிடக்கும்: வாடகை தவறினால் முன்னறிவிப்பின்றிப் பூட்டைத் திறந்து பொருள்களை அப்புறப்படுத்த உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாடகைதாரர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஒரு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைதாரரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அது வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதிக்கொள்வதால் அது வேண்டாததாகிவிடாது.

ஓனர்களை அவசரமாகப் பூட்டு போட வைக்கும் அச்சமும் ஒன்று உண்டு: ‘பன்னிரண்டு வருஷம் விட்டால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும்.’ இந்த அச்சம் எவ்வளவு பரவலோ அவ்வளவு ஆதாரமற்றது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, எதிராக அனுபவிப்பவருக்கானது. வாடகைதாரர் உரிமையாளரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர். மாதந்தோறும் வாடகை கொடுத்து அவரை உரிமையாளர் என்று ஒப்புக்கொள்பவர். வாடகைக்கு வந்தவர் அந்த வாடகைக் காலத்தில், குடிவந்தபோது ஓனருக்கு இந்த வீட்டில் உரிமை இல்லை என்று வாதிட முடியாது என்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவரும் வாடகைதாரர்தான். ஒப்பந்தமும் வாடகை ரசீதும் பத்திரமாக இருந்தால் போதும், இந்தப் பயத்தால் ஒரு பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

‘நான் எதையும் உடைக்கவில்லையே, அவர் பூட்டுக்கு மேல் என் பூட்டு ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான்’ என்று சொல்பவர்களும் உண்டு. கதவில் புதிதாக ஒரு கொண்டி அடித்து அதில் தொங்கு பூட்டு மாட்டுவது, மெயின் கேட்டின் பூட்டை மாற்றிவிட்டு மாடியில் இருப்பவருக்குச் சாவி தராமலிருப்பது, மாடிப்படிக் கதவை அடைப்பது எல்லாம் விளைவில் ஒன்றே: போக உரிமையுள்ள இடத்துக்கு ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது. அதற்குப் பெயர் முறையற்ற தடுப்பு, அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126 ஆம் பிரிவின்படி குற்றம். உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியில் பூட்டினால் அது இன்னும் கடுமையான முறையற்ற அடைப்பு, 127 ஆம் பிரிவு. இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவது தனி விஷயம். பாதுகாப்புக்காகப் பூட்டலாம், எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரு சாவி கொடுத்துவிட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவுப் பணி முடிந்து வரும் பெண் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்துக் கெஞ்ச வேண்டிய ஏற்பாடு பாதுகாப்பு ஆகாது.

பூட்டைத் தொடாமல் இ.பி. பியூஸைப் பிடுங்குவதும் மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுவதும் இதே வகைதான். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே அவற்றைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

கொஞ்சம் கடினமான நிலைமை, குடியிருப்பவர் காணாமல் போவது. வீடு பூட்டிக் கிடக்கிறது, வாடகை மாதக்கணக்கில் வரவில்லை, போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. வீட்டைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று ஓனர் நினைப்பது இயல்பு. ஆனால் உள்ளே கட்டிலும் பீரோவும் இருக்க, கதவில் அவர் பூட்டு தொங்க, கைவிட்டுப் போனார் என்று ஓனரே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவமனையில் கிடக்கலாம், சிறையில் இருக்கலாம், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருக்கலாம். தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் பதிவு செய்த விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட்டு, அட்வகேட் கமிஷனரை நியமிக்கக் கேட்பதே வழி. கமிஷனர் முன்னிலையில் பூட்டைத் திறந்து பொருள்களைப் பட்டியலிட்டால், பின்னால் வரும் எந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் கையில் இருக்கும். தண்ணீர்க் குழாய் வெடித்துக் கீழ்வீட்டில் கொட்டுகிறது, உள்ளே புகை வருகிறது என்றால் அது அவசரம். தீயணைப்புத் துறையையோ காவல்துறையையோ, அக்கம்பக்கத்தாரையோ வைத்துக்கொண்டு திறப்பதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. அந்தக் காரணம் தீர்ந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை வாடகைதாரருக்கே கொடுக்க வேண்டும்.

இப்போது கதவின் மறுபக்கம். ‘வாடகைதாரர் பூட்டை மாற்றக் கூடாது’ என்பது, ஓனர் மாற்றலாம் என்பதைவிட ஆழமாக வேரோடிய நம்பிக்கை. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, பழுதுபார்க்கும் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கழுவுதொட்டிப் பழுது போன்றவை வாடகைதாரர் பங்கு. கதவு, அலமாரி, ஜன்னல்களின் கைப்பிடிகளையும் பூட்டுகளையும் மாற்றுவது இந்த இரண்டாவது பட்டியலில், வாடகைதாரர் பக்கத்தில் இருக்கிறது. மத்திய அரசு 2021 இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்திலும் இதே பிரிவினைதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, பழுதான பூட்டை மாற்றுவது வாடகைதாரரின் கடமையாகவே இருக்கும்போது, அதைத் தொடவே கூடாது என்பதற்கு என்ன ஆதாரம்?

மாற்றுவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஒரு வாடகை வீட்டின் சாவி எத்தனை கை மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பு குடியிருந்தவர்கள், அவர்கள் வீட்டில் வேலை செய்தவர், வீடு காட்டிய புரோக்கர், பெயிண்ட் அடிக்க வந்தவர் என்று போகும் வரிசையில், எவரிடமும் ஒரு டூப்ளிகேட் தங்கியிருக்கலாம். புதிதாகக் குடிவருபவர், குறிப்பாகத் தனியாக வசிக்கும் பெண்ணோ முதியவரோ, முதல் வாரத்திலேயே பூட்டை மாற்றுவது விவேகம். இன்றைய கதவுப் பூட்டுகள் பலவற்றில் முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் சிலிண்டரை மட்டும், கதவின் ஓரத்தில் இருக்கும் ஒரு நீள ஸ்குரூவைக் கழற்றி உருவி, அதே அளவில் வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. கதவில் புதிய துளை விழாது. பழைய சிலிண்டரை ஒரு பையில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும் நாளில் திரும்பப் பொருத்திவிடலாம்.

இதற்கு எல்லை உண்டு. பழைய தேக்குக் கதவைக் குடைந்து டிஜிட்டல் பூட்டு பொருத்துவது, இரும்புக் கிரில் கதவு வைத்து சுவரில் சட்டம் பதிப்பது போன்றவை பூட்டு மாற்றம் அல்ல, கட்டடத்தில் செய்யும் மாற்றம். அதற்கு ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். வாடகைதாரர் தான் பொருத்தியதைக் கழற்றி எடுத்துப் போகலாம், ஆனால் வீட்டைத் தான் பெற்ற நிலையில் விட்டுப் போக வேண்டும் என்பதே சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. மாற்றிய பூட்டை, ஓனரைக் கதவருகிலேயே விடாமல் வைத்திருக்க ஒரு தந்திரமாகப் பயன்படுத்துவதும் கூடாது. நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்க்க ஓனருக்கு உரிமை உண்டு.

அந்த உரிமைக்கும் ஒழுங்கு இருக்கிறது, ஸ்பேர் சாவிப் பிரச்சினை அங்கேதான் தீர்கிறது. பழுது பார்க்கவோ வீட்டைச் சோதிக்கவோ வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால், காரணத்தையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். ‘என்னிடம் ஒரு சாவி இருக்க வேண்டும்’ என்ற கோரிக்கை நியாயமாகவும் இருக்கலாம். பல ஒப்பந்தங்களில் அப்படி எழுதியும் இருக்கும். எழுதியிருந்தால் பூட்டை மாற்றியவர் புதுச் சாவியின் நகலைக் கொடுக்க வேண்டியதுதான். எழுதியிராவிட்டால் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. எப்படியிருந்தாலும், சாவி கையில் இருப்பது உள்ளே வரும் அனுமதி ஆகாது. ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் சாவியால் திறந்து, சமையலறை சுத்தமாக இருக்கிறதா, விருந்தாளி யாராவது தங்கியிருக்கிறார்களா என்று பார்க்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். அது பரிவாகச் செய்தாலும் அத்துமீறலே. சாவியை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஓனரிடம் கொடுத்து வைப்பது இரு தரப்புக்கும் பொருந்தும் ஏற்பாடு. அவசரத்துக்கு உதவும், உறை பிரிந்தால் தெரிந்துவிடும்.

பரவலான கருத்து சில இடங்களில் சரியாகவும் இருக்கிறது. விடுதி அறை, மேன்ஷன் அறை, பேயிங் கெஸ்ட் படுக்கை, காவலாளிக்குக் கொடுத்த அறை ஆகியவற்றில் பெரும்பாலும் சுவாதீனம் கைமாறுவதில்லை. தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே கொடுக்கப்படுகிறது. அங்கே பூட்டு நிர்வாகத்தின் கையில் இருப்பது இயல்பு. எது வாடகை, எது வெறும் அனுமதி என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பு முடிவுசெய்யாது. தனித்த சுவாதீனம் தரப்பட்டதா என்பதும் இரு தரப்பின் எண்ணமும்தான் அளவுகோல் என்று அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனிச் சமையலறையோடு முழு வீட்டையும் கொடுத்துவிட்டு, காகிதத்தில் ‘அனுமதி’ என்று எழுதி வாங்குவதால் ஓனர் தப்பிக்க முடியாது. வெறும் அனுமதியில் இருப்பவரையும் இரவில் தெருவில் நிறுத்திவிட முடியாது: அனுமதியை ரத்து செய்தால் வெளியேறவும் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு. நேற்று பூட்டை உடைத்து உள்ளே புகுந்தவரின் நிலை வேறு. நிலைபெறாத அத்துமீறலுக்குச் சுவாதீனப் பாதுகாப்பு இல்லை என்பதை ராமே கவுடா வழக்குத் (2004) தீர்ப்பு தெளிவாக்குகிறது.

இன்னொரு கதவும் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் இருப்பதால், சண்டையின் முடிவில் அவன் பூட்டை மாற்றி மனைவியை வெளியே நிறுத்தலாம் என்ற எண்ணம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டம், பகிர்ந்து வாழ்ந்த இல்லம் சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும் அதில் வசிக்கும் உரிமையை 17 ஆம் பிரிவில் அவளுக்குக் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. 19 ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் வசிப்பிட உத்தரவு பிறப்பிக்கலாம். கணவன் கேட்டான் என்பதற்காகப் பூட்டை மாற்றிக்கொடுக்கும் ஓனர், இந்த உரிமையைப் பறிக்கும் செயலில் தானும் கைகொடுக்கிறார்.

பூட்டப்பட்டவர் காவல் நிலையம் போனால் கிடைக்கும் வழக்கமான பதில், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க.’ இது பாதி உண்மை. வாடகை பாக்கி எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்ததா என்பது சிவில் விவகாரம். ஒருவரை அவர் குடியிருக்கும் வீட்டுக்குள் போகவிடாமல் தடுத்ததும், உள்ளே புகுந்து பொருள்களை வெளியே எறிந்ததும் குற்றப் புகார். புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்க வேண்டும். புகாரைப் பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம்; அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பூட்டுகளின் படம், வங்கி வழியாகவோ ஜிபேயிலோ வாடகை அனுப்பிய பதிவு, கேஸ் சிலிண்டர் ரசீது, அந்த முகவரிக்கு வந்த தபால் ஆகியவை சுவாதீனத்துக்கு நல்ல சாட்சிகள்.

சிவில் பக்கத்தில் கூர்மையான ஆயுதம், 1963 ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு. சம்மதமின்றி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வியையே அந்த வழக்கில் எழுப்ப முடியாது. ‘பத்திரம் என் பெயரில்’ என்று ஓனர் எத்தனை ஆவணம் காட்டினாலும் அங்கே அது விடை அல்ல. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. அரசாங்கத்துக்கு எதிராக இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்பதும், ஆறு மாதம் கடந்தால் இந்த வழி அடைபடும் என்பதும் இதன் வரம்புகள். பூட்டு விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்பது நல்லது.

வங்கி போடும் பூட்டைப் பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனை ஓனர் கட்டாவிட்டால், 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். ஆனால் அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்த வாடகைதாரரின் உரிமை அதனால் தானாக ஒழிந்துவிடாது என்று ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் சொன்னது; 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், வாடகைதாரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வழி செய்தது. எழுத்தில் ஒப்பந்தமும் பதிவும் இருந்தால்தான் அங்கே வாதம் நிற்கும்.

கடைசியாக மிஞ்சுவது, குடித்தனக்காரர் பக்கமிருந்து எழும் கருத்து: ‘அட்வான்ஸைத் திருப்பித் தரும் வரை சாவியைத் தர மாட்டேன்.’ சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் நெடுநாள் இருந்ததால், இதன் பின்னால் இருக்கும் பயம் புரிந்துகொள்ளத் தக்கது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்து, காலி செய்த பிறகு உரிய கழிவு போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. அந்த ஒரு மாதம் சாவியைக் கொடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். சாவியைப் பிடித்து வைத்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் இன்னும் சுவாதீனத்தில் இருப்பவர். பெட்டி படுக்கையோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே போகும், அட்வான்ஸ் அதிலேயே கரையும். ஆகவே சாவியைக் கொடுப்பது, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குவது, அட்வான்ஸைத் தனியாகக் கேட்பது என்பதே சரியான வரிசை. எத்தனை சாவி, எந்தத் தேதி, மின் மீட்டரில் என்ன அளவு என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அட்வான்ஸைத் தள்ளிப்போடும் எண்ணத்தில் சாவியை வாங்கவே மறுக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு, வீட்டை இந்தத் தேதியில் காலி செய்துவிட்டேன், சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பதிவு செய்த விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்தி, சாவியோடு வாடகை அதிகாரி முன் மனு போட வேண்டும்.